இரண்டாம் குறிப்பு முடிகிற வரை

நம் காலணிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் போதும் என்றார்கள். நான் எதையும் இரண்டு பக்கத்தில் முடித்தவன் இல்லை என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை. நீங்கள் புதியவர்கள், தப்பிக்க வழியில்லை.

ரப்பரை எப்படி வெட்டுவது, பாதத்தைக் காகிதத்தில் எப்படி வரைந்தெடுப்பது என்பதையெல்லாம் கற்றுக்கொடுக்க இங்கே ஆள் இருக்கிறது. நான் எழுத வந்தது வேறு விஷயம். உங்களில் பாதிப் பேர் வேறு எதற்கோ ஆசைப்பட்டு, அது கிடைக்கிற வரை இங்கே ஒதுங்கியிருப்போம் என்று வந்தவர்கள். அன்றைக்கு உங்களைப் பார்த்தபோதே முகத்தில் தெரிந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் வந்தேன். எழுபதுகளின் நடுவில், இரண்டே வருஷம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான் பிறக்கும் முன்பே என் வேலை முடிவாகியிருந்தது. எனக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. நான் வயிற்றில் இருந்தபோது ஆலயத்தில் முழங்காலில் நின்று, இந்தப் பிள்ளை உயிரோடு கிடைத்தால் ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை செய்துகொண்டார். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது நடக்கிற காரியம்தான். அப்படி ஒப்புக்கொடுத்த பிள்ளை வளர்ந்து போதகராக வேண்டும், அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. எனக்கு ஐந்து வயதில் ஜெபம் செய்யத் தெரியும், பம்பரம் விடத் தெரியாது. தெருவில் எனக்குக் குட்டிப் போதகர் என்றே பெயர். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா பசுமலையில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் செய்துதான் என்னைப் பி.ஏ. வரை படிக்க வைத்தார்.

படித்து முடித்ததும் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். அதற்கு முன் சபையின் தேர்வுக் குழு ஒன்று நம்மைக் கூப்பிட்டுப் பேசும். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, உனக்கு அழைப்பு எப்போது கிடைத்தது என்பதுதான். கடவுள் உன்னை இந்த வேலைக்குத்தான் கூப்பிட்டார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று பொருள். நான் அம்மாவின் கதையைச் சொன்னேன். எத்தனையோ தடவை சொன்ன கதை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். குழுவில் இருந்த வயதான போதகர் ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, இது அம்மாவோட அழைப்பு. ஒங்களோடது எங்க?" என்றார்.

நான் அம்மாவின் கதையையே மறுபடி தொடங்கினேன். இரண்டு வருஷம் நோயாளிகள் மத்தியில் எங்காவது வேலை பார்த்துவிட்டு வா, அதன்பிறகு ஓர் ஆலயத்தில் சோதனைப் பிரசங்கம் செய், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த இடம் காளவாசலுக்கு மேற்கே இருந்த ஒரு தொழுநோய் மருத்துவமனை. அங்கே காலியாக இருந்த ஒரே இடம் செருப்புத் தைக்கும் கொட்டகை.

சொந்தக்காரர்கள் கேட்காத கேள்வி இல்லை. "பி.ஏ. படிச்சது தோலறுக்கவா மாப்ள?" என்று என் அத்தை மகன் கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டான். அம்மா கேட்டவர்களிடம் எல்லாம் நான் ஆஸ்பத்திரி ஆபீசில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாலையில் வீடு திரும்பினால் கிணற்றடியில் குளித்து, துணியை அங்கேயே அலசிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நோயைப் பற்றிய பயம் பாதி, தோலைத் தொட்ட கை என்ற கூச்சம் பாதி. எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. பேருந்தில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் எல்லாமே ஒரு மங்கலான வெளிச்சத்துக்குள் நடந்த மாதிரி இருக்கிறது. மருத்துவமனைக்குப் பின்னால் அப்போது வயல்தான். பகல் பதினொரு மணிக்கு மேல் கானல் எழுந்து தூரத்துப் பனைகள் எல்லாம் தண்ணீரில் நிற்பது போல ஆடும். தகரக் கூரை சூடாகி மெல்ல முனகும். ரப்பரும் பசையும் கலந்த வாசனையில் அரைத் தூக்கம் வரும். என் கை தைத்துக்கொண்டிருக்கும், நான் எங்கோ பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டிருப்பேன். வெள்ளை அங்கி, மேலே சுற்றும் மின்விசிறி, கீழே அண்ணாந்து பார்க்கும் முகங்கள். நான் ஒரு வார்த்தை சொன்னதும் அத்தனை பேரும் மூச்சை நிறுத்துவார்கள். முன்வரிசையில் அம்மா அழுவார். இந்தக் கனவை நான் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை காண்பேன். ஒவ்வொரு தடவையும் பிரசங்கம் இன்னும் கொஞ்சம் நன்றாக வரும்.

என் கனவைக் கண்டுபிடித்தவர் ஒச்சம்மா. செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கடலைக் காடு வைத்திருந்தவர், நாற்பது வயதிருக்கும். நோய் குணமாகி வருஷக்கணக்காகிவிட்டது. மடங்கிப்போன விரல்கள் நிமிரவில்லை, பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. செருப்புக்காக மட்டும் எங்களிடம் வருவார். வந்தால் கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டு எங்களை எல்லாம் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் போவார்.

"தம்பி, ஒங்கையி இங்க இருக்கு. ஆளு எங்க போயிருக்காரு?" என்று ஒருநாள் கேட்டார்.

நான் சிரித்து மழுப்பினேன். விடவில்லை. கடைசியில் சொன்னேன். சோதனைப் பிரசங்கம் வரப்போகிறது, அதில் தேறினால் போதகர் படிப்புக்குப் போய்விடுவேன் என்றேன்.

"கோயில்ல நின்னு பேசுவியா? அம்புட்டுச் சனத்துக்கு முன்னாலயா?"

"ஆமாக்கா. வர்ற ஞாயித்துக்கெழம."

"நானும் வாரேன். ஒங்க சாமிய எனக்குத் தெரியாது, ஒன்னையத் தெரியும்ல. நீ எப்பிடிப் பேசுறன்னு பாக்குறேன்."

ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, வாங்கக்கா என்றேன்.

உணர்ச்சியில்லாத காலுக்குச் செருப்புச் செய்கிற இடத்தில் ஆணி கூடாது என்பதை உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். தையல் போடு, பசை போடு, காயும் வரை காத்திரு. எனக்கும் முதல் நாளே சொன்னார்கள். நமக்கு ஆணி குத்தினால் அடுத்த அடி வைக்க மாட்டோம். அவர்கள் நாலு மைல் நடந்துவிடுவார்கள். வலி என்ற காவல்காரன் அங்கே இல்லை, அந்த இடத்தில் நாம்தான் நிற்கிறோம். இதை நான் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒச்சம்மாவின் இடது செருப்பு என் கையில் இருந்தது. பெருவிரலை ஒட்டி வரும் வார் கழன்றிருந்தது. பசை தடவி ஒரு மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். எனக்கோ மூன்றாம் குறிப்பு இன்னும் அமையவில்லை. எங்கள் பக்கத்தில் பிரசங்கம் என்றால் மூன்று குறிப்பு இருக்க வேண்டும், முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று விரல் மடக்கிச் சொல்ல வேண்டும். மூன்றாவது மட்டும் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அது வந்துவிடும் போலவும் இருந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால்.

சுவரில் நோயாளிகளுக்கான விதிகள் எழுதிய அட்டை ஒன்று தொங்கும். அதை மாட்டியிருந்த சின்ன ஆணிகளில் ஒன்றைப் பிடுங்கினேன். செருப்பின் அடியிலிருந்து வாரோடு சேர்த்து அடித்துவிட்டேன். பசை காய்கிற வரை பிடித்துக்கொள்ளும், காலையில் வந்து எடுத்துவிடலாம், ஒச்சம்மா எப்படியும் மத்தியானம்தான் வருவார். செருப்பை அலமாரியில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. காலையில்தான் முடிவுசெய்து, பிரசங்கத்துக்காக விடுப்புச் சொல்லி அனுப்பினேன். ஆள் இல்லாத ஆலயத்தில் போய் நின்று வெறும் பாய்களைப் பார்த்துப் பேசிப் பழகினேன். வேப்பமரக் காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. மூன்றாம் குறிப்பு தானாக வந்து அமைந்தது. அன்று முழுக்க நான் தரையில் நடந்ததாகவே ஞாபகம் இல்லை. அந்த ஆணி ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. ஆணி அடித்ததைக்கூட அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு நான் இன்றுவரை ஒரு சமாதானமும் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்ன ஆலயம் நிறைந்திருந்தது. பசுமலைக்குச் சற்றுத் தள்ளி, திருப்பரங்குன்றம் போகும் சாலையிலிருந்து உள்ளடங்கி இருந்தது அது. எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் உட்காருவார்கள். தேர்வுக் குழுவிலிருந்து வந்த மூன்று பேருக்கு மட்டும் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா பெண்கள் பக்கம் முதல் வரிசையில், வெள்ளைச் சேலையில் இருந்தார்.

நான் பேசத் தொடங்கியதும் என் கனவு அப்படியே நடந்தது. முகங்கள் அண்ணாந்தன. மின்விசிறி சுற்றியது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பிள்ளையைக் கேட்டு வாங்கி ஆலயத்துக்கே கொடுத்துவிட்ட வேதாகமத் தாய் ஒருத்தியைப் பற்றித்தான் என் பிரசங்கம், அம்மாவுக்காகவே எடுத்தது. முதல் குறிப்பு முடிகிற நேரம், பக்கவாசல் வழியாக ஒச்சம்மா உள்ளே வந்தார்.

எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, விசேஷத்துக்குக் கட்டும் சேலை. பின்னால் எங்கும் நிற்காமல், இடம் தேடி முன்னாலேயே வந்து, பாயின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் நடந்து வந்த வழியில் சிமெண்டுத் தரையில் கறை இருந்தது. இடது காலுக்கு மட்டும். ஓர் அடி விட்டு ஓர் அடி, வாசலிலிருந்து அவர் உட்கார்ந்த இடம் வரைக்கும் சிவப்பாக.

என்ன என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. என் ஆணி என்றே தெரிந்துவிட்டது.

இதன்பிறகு நான் செய்ததை நீங்கள் கவனமாகப் படியுங்கள். நான் இரண்டாம் குறிப்பைத் தொடங்கினேன். இரண்டாவதாக என்று சொல்லி விரலை மடக்கினேன். குரல் தடுமாறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தானே, எப்படியும் அவருக்கு வலிக்கவில்லை, மூன்று குறிப்பையும் முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே ஒருவன் நிதானமாகக் கணக்குப் போட்டான். அவருக்கு வலிக்கவில்லை என்பதையே சாக்காக எடுத்துக்கொண்டேன். ஏழெட்டு நிமிஷம் இருக்கும். இரண்டாம் குறிப்பை ஒரு வார்த்தை விடாமல் முழுதாகச் சொல்லி முடித்தேன். அதைவிட நன்றாக நான் வாழ்க்கையில் எதையும் பேசியதில்லை.

அப்போது ஒச்சம்மா குனிந்து பார்த்தார். தரையில் கறையைக் கண்டார். அது தன் இரத்தம் என்று அவருக்குத் தோன்றவில்லை. வழியில் எதையோ மிதித்து வந்து இத்தனை சுத்தமான இடத்தை அழுக்காக்கிவிட்டோம் என்று நினைத்துவிட்டார். யாராவது பார்க்கிறார்களா என்று பக்கத்தில் பார்த்துக்கொண்டு, மடங்கிய விரல்களால் முந்தானை நுனியைப் பிடித்து, தரையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. வெட்கத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் இறங்கிவிட்டேன். மூன்றாவதாக என்று சொல்லியிருந்தேனா இல்லையா என்பது நினைவில்லை. பெண்கள் பக்கம் போய் அவர் முன்னால் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் ஓட்டை இருந்தது. சுற்றியிருந்தவர்கள் பாயோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"எங்கால விடு தம்பி, எல்லாரும் பாக்குறாக," என்றார் ஒச்சம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா ஆச்சு?" என்றார்.

"நடந்தா வந்தீங்க?"

"காளவாசல்ல இருந்து. பஸ்ஸுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல இருந்தவுக எந்திரிச்சு நின்னுக்கிட்டாக. எதுக்கு அவுகளுக்குச் செரமம்னு எறங்கிட்டேன்."

வாசலில் அவர் செருப்பை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் அமுங்கி ஆணி முனை மேலே வந்திருந்தது. ரிக்‌ஷா ஒன்றைப் பிடித்து, அவரைத் தூக்கி உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். திரும்பி யாரையும் பார்க்கவில்லை.

எங்கள் மருத்துவர் ஒரு பெண்மணி. அதிகம் பேசமாட்டார், கத்தவே மாட்டார். காயத்தைக் கழுவியபடியே எப்படி ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். கழுவி முடிக்கும்வரை நிமிரவில்லை. மூன்றாம் நாள் ஒச்சம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. எலும்பு வரை சீழ் இறங்கியிருந்தது. காலையே எடுக்க வேண்டிவரும் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தோம். கடைசியில் பெருவிரலோடு போயிற்று. கடலை பிடுங்குகிற பருவம் முழுவதும் அவர் கட்டிலில் கிடந்தார்.

ஆணி என்னுடையது என்று அவரிடமும் நானே சொன்னேன். மன்னித்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பதினைந்து நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியபோது இவ்வளவுதான் சொன்னார்: "ஒன்னைய நம்பித்தானப்பா கால வச்சேன்." அதற்குப் பிறகு நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எதுவும் என்னை அப்படிக் குத்தவில்லை.

இதற்கிடையில் தேர்வுக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நோயாளிப் பெண்ணுக்காகப் பிரசங்கத்தைப் பாதியில் விட்டு இறங்கிய பிள்ளை, இவனுக்கு அழைப்பு இருக்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். சபை முழுக்க இதே பேச்சு. வழியில் பார்த்தவர்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் வாய் திறக்காமல் நின்றேன்.

ஒரு வாரம் தாங்க முடிந்தது. பிறகு சிம்மக்கல்லில் அந்த வயதான போதகர் வீட்டைத் தேடிப் போனேன். ஆணியைப் பற்றிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "தப்பு செய்யாத ஆளுகளத்தான் எடுக்கணும்னா கல்லூரிய மூடிட வேண்டியதுதான். இடம் ஒங்களுக்கு இருக்கு. போறதும் போகாததும் ஒங்க இஷ்டம்," என்றார். கதவை அவர் மூடியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் இரண்டாம் குறிப்பைப் பற்றி அவரிடமும் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மருத்துவரிடம் போய், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றேன். பெரிய தியாகம் செய்கிற குரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

"பிராயச்சித்தம் பண்றதுக்காக இருக்கறதுன்னா வேண்டாம்," என்றார் அவர். "ஒரு மாசத்துல அது தீந்து போயிடும். அதுக்கப்புறம் பழையபடி கனவு காணுவீங்க. யோசிச்சுட்டு வாங்க."

பல நாள் யோசித்தேன். ஜெபித்தேன். வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. இடையில் ஒச்சம்மாவுக்குப் புதுச் செருப்புச் செய்ய வேண்டியிருந்தது. விரல் இல்லாத கால் என்பதால் பழைய அளவு உதவாது. காகிதத்தை விரித்துப் பாதத்தை வரைந்துகொண்டேன். எங்கே அழுத்தம் விழுகிறது, எந்த இடத்தில் தோல் மெலிந்திருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தேன். வெட்டினேன், சரியில்லை, மறுபடி வெட்டினேன். உள்பக்கம் முழுவதையும் என் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தேன், அவர் உணராததை எல்லாம் நான் உணர வேண்டும் என்று. வெளியே வெயில் இருந்ததா, யாராவது வந்தார்களா, ஒன்றும் தெரியாது. நிமிர்ந்தபோது கொட்டகையில் நிழல் நீண்டுவிட்டிருந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை.

சைக்கிளில் திரும்பும்போதுதான் உறைத்தது. அன்று முழுக்க நான் பிரசங்க பீடத்துக்குப் போகவேயில்லை. அத்தனை வருஷத்தில் கனவு காணாத முதல் பகல் அது. காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கை இருந்த இடத்திலேயே நானும் இருந்திருக்கிறேன். சாலையோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன். துக்கம் இல்லை அது. என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நானும் வந்துவிட்டேன் என்று சொன்ன மாதிரி ஒரு சந்தோஷம். உங்களுக்கு இது வேறு விதமாக வரலாம், வேறு இடத்தில் வரலாம். வந்தால் அந்த இடத்துக்கே போய்விடுங்கள், நாங்கள் தடுக்க மாட்டோம்.

அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி. விடுதிச் சமையலறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். படிப்புக்குப் போகவில்லை, செருப்பே தைக்கப்போகிறேன், எனக்கு அழைப்பு அங்கேதான் இருக்கிறது என்றேன். முறம் நின்றது. "நான் வாக்குக் குடுத்தது ஆண்டவருக்குடா," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார். அந்த ஞாயிறு அம்மா ஆலயத்துக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. பொருத்தனையை முறித்த முகத்தோடு எப்படிப் போய் நிற்பது என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார். என் வாழ்க்கையில் அம்மா ஆலயத்துக்குப் போகாத ஞாயிறு அதற்கு முன் இருந்ததில்லை. நான் சரியாகத்தான் முடிவெடுத்தேனா என்று அந்த வாரங்களில் தினமும் சந்தேகப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள், வெளியூரில் மரத்தடியில் நோயாளிகளைப் பார்க்கும் முகாமுக்குப் போய்விட்டு மருத்துவமனைக்குத் திரும்பினேன். கொட்டகை வாசலில் செருப்புக்காக வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் அம்மா இருந்தார். அதுவரை ஒருநாளும் அங்கே வந்ததில்லை. எதிரே ஒச்சம்மா, புதுச் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். அவருடைய இடது கால் அம்மாவின் மடியில் இருந்தது.

"ஆணி எம்புட்டு ஆழம் போச்சு?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

விரலில் அளந்து காட்டினேன்.

"ஒனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"பிரசங்கத்துல நிக்கும்போதும்மா."

"அது தெரியும். எந்த எடத்துல?"

கையிலிருந்த பையைக் கீழே வைக்க இடம் தேடினேன். அம்மா விடவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"மொதக் குறிப்பு முடியுற நேரம்."

"நீ எறங்குனது ரெண்டாவது முடிஞ்ச பெறகு."

"ஆமாம்மா."

ஒச்சம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் இவன் பேச்சக் கேட்டுக்கிட்டிருந்தாக. நான் இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தேன். தரையப் பாத்துட்டு இவன் மூஞ்சி மாறுச்சு. நானும் திரும்பிப் பாத்தேன், ரத்தம். ஒங்காலுன்னு எனக்கும் தெரிஞ்சுச்சு தாயி. தெரிஞ்சும் எந்திரிக்கல. நிறுத்தாத, நிறுத்திராத, பேசி முடிச்சிருன்னு கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

ஒச்சம்மா தன் காலையும் அம்மாவின் கையையும் பார்த்தார். பிறகு, "பெத்தவ வேற எப்பிடி இருப்பா," என்றார். காலை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டாங் குறிப்பு பூரா அங்க நின்னுக்கிட்டிருந்தது நாந்தான்டா. எறங்கி வந்தது மட்டுந்தான் நீ."

அம்மா வரிசையைக் கை காட்டினார்.

"போ. ஆளுக காத்துக்கிட்டிருக்காக."